எடை போதாத களம்வென்றான்

எடை போதாது, படைப்பணிக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்த மறுநாள் காலை, தலைவர் கொடையரசனின் ஒரே மகன் களம்வென்றான் தன் படுக்கையறைக் கூரையில் முதுகு ஒட்டிக் கிடந்தான். காப்பி கொண்டுபோன சமையல்காரர் கட்டிலில் ஆளைக் காணாமல் குளியலறையில் தேடி, மாடியில் தேடி, தோட்டத்து மாமரத்தடியில் தேடித் திரும்பி வந்தபோது, மேலேயிருந்து "அண்ணே, ஃபேனை நிறுத்துங்க" என்று குரல் கேட்டு அண்ணாந்து பார்த்து, ஃபேனை நிறுத்திவிட்டு, காப்பியை ஆறாமல் மூடி வைத்துவிட்டு, ஏணி எடுக்கப் போனார். எங்கள் கொம்பாறையில் யாரும் இதற்காக மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. தலைவர் வீட்டில் நடப்பதற்கெல்லாம் மூக்கின்மேல் விரல் வைப்பதென்றால் எங்களுக்கு வேறு வேலைக்குக் கை இருந்திருக்காது.

முந்தின நாள்வரை அவன் தொண்ணூற்றிரண்டு கிலோ. கோயில் கொடை விழாவில் அவன் ராட்டினத்தில் ஏறினால் ராட்டினக்காரர் எதிர்த்தொட்டியில் இரண்டு பேரைக் கூடுதலாக உட்கார வைப்பார். அது மருத்துவருக்கும் தெரியும், முத்திரைக்கும் தெரியும், ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

அப்போது வடக்கு எல்லையில் சண்டை தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. தொடங்கி வைத்தவர் எங்கள் ஊரில் பிறந்து நாட்டையே ஆண்டுகொண்டிருந்த கொடையரசன்தான். ஒரு மொட்டைப் பாறை யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. அந்தப் பாறையில் புல்கூட முளைக்காது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள், போய்வந்தவர்கள் குறைவாக இருந்ததால் அந்தச் செய்தி பரவவில்லை. படைக்கு ஆள் எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வார்டில் இருக்கிற பையன்கள் பெயரையெல்லாம் சீட்டில் எழுதிப் பித்தளைக் குடத்தில் போட்டு, சமுதாயக்கூடத்து வாசலில் வைத்துக் குலுக்கி, ஒன்றை எடுப்பார்கள். தலைவர் மகன் பெயர் குடத்துக்குள் போவதே கிடையாது. அன்றைக்கு வழக்கமான அதிகாரி விடுப்பில் போயிருக்க, புதிதாக வந்த எழுத்தர் விவரம் புரியாமல் அவன் பெயரையும் எழுதிப் போட்டுவிட்டார். குடத்துக்கு என்ன தெரியும்? அவன் பெயரையே கொடுத்தது.

சான்றிதழ் வந்தது. எழுத்தர் எங்கே போனாரோ, அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. ஒருவன் விலக்கு வாங்கினால் அவனுக்குப் பதில் அகரவரிசையில் அடுத்த பெயர்க்காரன் போக வேண்டும் என்பது சட்டம். களம்வென்றானுக்கு அடுத்து நின்றவன் கயிற்று ஆலையில் நார் பிரிக்கும் சுடலைமணி. பத்தொன்பது வயது. தராசில் ஏற்றினார்கள். ஐம்பத்தொன்று காட்டியது. ஐம்பது இருந்தால் போதும் என்று சொல்லி அன்றைக்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவன் அம்மா தங்கக்கனி அதே ஆலையில் கயிறு திரிப்பவள். புருஷன் செத்த பிறகு அந்த ஒற்றைப் பிள்ளைதான் அவளுக்கு உலகம். லாரி போன பிறகு அவள் கையில் இருந்தது உத்தரவுக் காகிதம் ஒன்றுதான். முன்பக்கம் முழுக்கத் தலைவரின் படமும் வாழ்த்தும். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. அவள் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒரு பகல் முழுக்க அதைப் படித்தாள். விலக்கு பெற்றவர் தகுதி அடைந்தாலோ, தாமாகவே முகாமில் வந்து சேர்ந்தாலோ, அன்றே பதிலாள் விடுவிக்கப்படுவார் என்று கடைசி வரியில் இருந்தது.

இதற்கிடையில் தலைவர் வீட்டில் பையனை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார்கள். சன்னல் திறந்திருந்தால் நழுவிப் போகிறான். நைலான் கயிற்றால் கட்டினால் இடுப்பை அறுக்கிறது. சங்கிலி போட்டால் நாயைக் கட்டிய மாதிரி இருக்கிறது என்று தாயார் அழுகிறார். தேங்காய் நாரில் மெத்தென்று முறுக்கிய கயிறுதான் தோதுப்படும், அதைப் பிடிக்கப் பழகிய கையும் வேண்டும் என்று முடிவானது. தலைவரின் செயலாளர் நல்லபெருமாள் அப்போது ஒரு காரியம் செய்தார். எங்கள் நாட்டில் ஒரு குடும்பத்துக்குக் கேடு செய்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை போட்டுக் கொடுத்துவிடுவது பழக்கம். கொடுத்ததும் கேடு செய்தவருக்கு மனசு லேசாகிவிடும், படமும் பத்திரிகையில் வந்துவிடும். அந்தப் பழக்க தோஷத்தில் அவர் தங்கக்கனியைக் கூப்பிட்டுவிட்டார்.

"பையன் நாட்டுக்காகப் போயிருக்கான். நீ தனியா இருந்து என்ன செய்யப் போற? தலைவர் உன்னைக் கைவிடல. தம்பி கயித்தைப் பிடிச்சுக்கோ. அரசாங்க வேலை" என்றார்.

"சரிங்கய்யா" என்றாள் தங்கக்கனி. அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

தினமும் காலை எட்டு மணிக்குக் களம்வென்றானைக் காற்றாடக் கொண்டுபோவது அவள் வேலை. பங்களாவிலிருந்து பேருந்து நிலையம்வரை போய்த் திரும்ப வேண்டும். ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. மின்சார வாரியத்துக்காரர்கள் அந்தத் தெருக் கம்பிகளைக் கழற்றிப் பூமிக்குள் பதித்தார்கள். கொடி கட்டித் துணி உலர்த்துபவர்கள் ஒன்பது மணிக்கு மேல் உலர்த்தினார்கள். முடிதிருத்துபவர் மாதம் ஒருமுறை ஏணியில் நின்று வேலை பார்த்தார். கொய்யா மரத்து உச்சியில் பழுத்ததைப் பறித்துத் தரும்படி பிள்ளைகள் அவனிடம் கேட்டார்கள், அவனும் பறித்துப் போட்டான். பொருள் மேலே எறிந்தால் கீழே விழும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த அறிவியல் வாத்தியாரைத் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். கட்சிக்காரர்கள், சாதாரண மனிதன் கால் தரையில் படும், உயர்ந்த மனிதன் உயர்ந்தே நிற்பான் என்று சுவரெழுதினார்கள். நாங்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போனோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

தங்கக்கனி வாய் திறக்காமல் வேறொன்று செய்தாள். அவனுக்குச் சோறு ஊட்டினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலக்கு வாங்கியவர்களைத் திரும்ப எடை பார்ப்பார்கள். ஐம்பது கிலோ காட்டிவிட்டால் சுடலைமணி வீட்டுக்கு வந்துவிடுவான். கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, நெய்யில் பொரித்த அயிரை, நாட்டுக்கோழி ரசம் என்று தன் வாயைக் கட்டி அவன் வயிற்றை நிரப்பினாள். நீளமான மூங்கில் கழியில் தூக்குவாளியை மாட்டி மேலே ஏற்றுவாள்.

"தம்பி, இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்க."

"போதும் தங்கக்கனிம்மா, தொண்டைவரை இருக்கு."

"தொண்டைக்கு மேல மூக்கு இருக்குல்லா? சாப்பிடுங்க."

அவன் சாப்பிடுவான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வான், யாராவது கட்டினால் கட்டுப்படுவான், தனக்குப் பதில் போனவன் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு அதுதான் ஆறவில்லை. திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்கவே இல்லையே.

மூன்று முறை எடை பார்த்தார்கள். மூன்று முறையும் அவனைப் பிடித்துத் தராசில் உட்கார வைத்தார்கள், கையை எடுத்ததும் முள் அசையாமல் அவன் எழும்பினான். அவள் ஊட்டியதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலைவர் வீட்டில் மூன்று முறையும் இனிப்பு கொடுத்தார்கள். தங்கக்கனிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

இப்படி இரண்டு வருடம் போனது. சண்டை முடியவில்லை. இது தலைமுறைப் பகை, லேசில் முடியாது, இன்னும் பத்து வருடமானாலும் ஆகும் என்று தலைவர் வானொலியில் சொன்னார். அந்த மாதம் அடுத்த தெருப் பகவதியின் மகன் செத்துப்போன செய்தி வந்தது. உடம்பு வரவில்லை. தலைவர் நேரில் வந்து சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டுப் பகவதிக்குப் பட்டுப்புடவையும் வீரத்தாய் என்று எழுதிய கேடயமும் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் தங்கக்கனி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே களம்வென்றான் மிதக்க, தலைவர் அவனைக் கைகாட்டிக் குரல் தழுதழுக்கப் பேசினார்.

"என் மகனையும் அனுப்பத் துடித்தேன். என் பேறின்மை, மண் அவனைத் தாங்க மறுக்கிறது. வீரத்தாயே, உன் மகனுக்குக் கிடைத்த பெருமை என் மகனுக்குக் கிடைக்கவில்லையே!"

கூட்டம் கைதட்டியது. பகவதி புடவையை மடியில் வைத்துக்கொண்டு தலைவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேடயத்தில் தன் பெயர் இருக்கும் என்று தங்கக்கனிக்குத் தெரிந்துபோனது. வீட்டுக்குப் போய் உத்தரவை எடுத்து அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். தகுதி அடைந்தாலோ என்பதைத்தான் இரண்டு வருடமாகப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். தாமாகவே முகாமில் வந்து சேர்ந்தாலோ என்பதும் அங்கேதான் இருந்தது. அதில் எடையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மறுநாள் எட்டு மணிக்கு வழக்கம்போலக் களம்வென்றானைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் திரும்பவில்லை. நேரே வடக்குச் சாலையில் ஏறினாள். பகவதி ஒரு துணி மூட்டையோடு அங்கே நின்றாள்.

"நீ எங்கன வார?" என்றாள் தங்கக்கனி.

"எம்பிள்ள விழுந்த எடத்தப் பாக்கணும் மைனி. நீ நட, நான் வாரேன்."

மேலேயிருந்து களம்வென்றான், "பங்களா அந்தப் பக்கம்லாம்மா?" என்று கேட்டான்.

"இன்னைக்குக் கொஞ்சம் தூரமா நடப்போம் தம்பி" என்றாள்.

அவர்களைப் பிடித்து நிறுத்த எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தேநீர்க் கடையில் நின்ற கிளைச் செயலாளர் தலைவர் மகன் வடக்கே போவதைப் பார்த்தார். தனக்குச் சொல்லாமல் மேலிடம் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டது, இதைத் தெரியாது என்று சொன்னால் பதவி போய்விடும் என்று பயந்து, ஓடிப்போய் மாலை வாங்கி வந்து கழியில் மாட்டி அவன் கழுத்தில் போட்டார். அடுத்த ஊர்க் கிளைக்குப் போன் செய்து, எங்கள் ஊரில் மாலை போட்டாயிற்று, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அடுத்த ஊரில் மேளம் வைத்தார்கள். அதற்கடுத்த ஊரில் போர்முனை நோக்கித் தலைவரின் தவப்புதல்வன் பாதயாத்திரை என்று பதாகை கட்டினார்கள், பாதம் தரையில் படவில்லையே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. யாரும் யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்கள் கட்சியில் விசாரிப்பது விசுவாசக் குறைவு. நான்காம் நாள் பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் படம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தலைவருக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் எதிர்க்கட்சிக்காரர்களே அவரைப் பாராட்டி அறிக்கை விட்டிருந்தார்கள்.

நல்லபெருமாள் காரில் பறந்து வந்தார். கூட்டத்துக்கு நடுவில் சிரித்த முகமாக வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவள் காதருகில் பேசினார்.

"என்ன காரியம் பண்ணிட்டிருக்க? மரியாதையா திரும்பு. தலைவர் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கார்."

"நீங்களே சத்தமா சொல்லுங்கய்யா. தலைவர் மகன் போருக்குப் போகாண்டாம், திரும்பச் சொல்லுதாகன்னு மைக்குல சொல்லுங்க. நான் இந்தாக்குல திரும்பிருதேன்."

அவர் மைக்கைப் பார்த்தார், ஆயிரம் பேரைப் பார்த்தார், கைதட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

பதினேழு நாள் நடந்தார்கள். முதலில் களம்வென்றானுக்கு மாலையும் மோரும் பிடித்திருந்தது, கீழே பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தான். பிறகு ஊர்கள் குறைந்தன. மேளம் நின்றது. கட்சிக்காரர்கள் ஒரு எல்லைக்கு மேல் வேலை இருப்பதாகச் சொல்லி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கூரையில்லாத வீடுகள் வந்தன. தூரத்தில் இடி இடிக்கிற மாதிரி கேட்டது, வானத்தில் மேகமில்லை.

"அம்மா, அங்க சுடுவாங்களா?"

"சுடுவானுவ தம்பி. எம்பிள்ளைய ரெண்டு வருசமா சுட்டுக்கிட்டுத்தான இருக்கானுவ."

"உங்க பிள்ளை அங்கயா இருக்காரு?"

தங்கக்கனி நின்றுவிட்டாள். இரண்டு வருடமாகச் சோறு தின்றவன் இப்போதுதான் கேட்கிறான். "ஒங்களுக்குப் பதிலாத்தான் போயிருக்கான்" என்றாள். அன்றைக்கு முழுக்க மேலே அழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு இரக்கமாகவும் இருந்தது, இழுத்துக் கீழே போட்டு நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நடந்தாள்.

மொட்டைப் பாறைக்குக் கீழே இருந்த முகாமில், தாடி வளர்ந்து கண் குழிவிழுந்த ஒரு கேப்டன் இருந்தார். அவள் உத்தரவைக் கொடுத்தாள். கேப்டன் பின்பக்கத்தைப் படித்துவிட்டு மேலே பார்த்தார்.

"தாமாகத்தான் வந்தாரா?"

பகவதி தன் மூட்டையைப் பிரித்து வழியில் கிழித்து வைத்திருந்த சுவரொட்டியை எடுத்துக் காட்டினாள். தாமாக முன்வந்த தியாகச் செம்மல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் கட்சியின் பெயரும் தலைவரின் படமும். கேப்டன் மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பதிவேட்டில் களம்வென்றான் பெயரை எழுதி, பணி என்ற இடத்தில் வானிலிருந்து வேவு பார்த்தல் என்று போட்டு, ஏழாவது காவல் குழியிலிருந்து சுடலைமணியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அவன் உயிரோடு இருக்கிறானா என்று தங்கக்கனி கேட்கவில்லை.

தங்கக்கனி கயிற்றை நீளம் முழுக்கத் தளர்த்தியதும் களம்வென்றான் பாறைக்கு மேலே, எல்லோரும் பார்க்கிற உயரத்தில், மாலையோடு நின்றான். அரை மணி நேரத்தில் எதிரியின் பீரங்கி நின்றது. பெரிய இடத்துப் பிள்ளைகளைத் தொடுவதில்லை என்பது இரண்டு நாட்டுப் பெரியவர்களுக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம், இரண்டு பேர் பிள்ளைகளும் வெளிநாட்டில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் பீரங்கியையும் நிறுத்தச் சொல்லித் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. மூன்று வருடம் நின்றறியாத சத்தம் மதியச் சாப்பாட்டுக்குள் நின்றுவிட்டது. சிப்பாய்கள் குழிகளிலிருந்து தலையை நீட்டினார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றித் துவைத்து முள்கம்பியில் காயப்போட்டான். பகவதி தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு மத்தியானம், மைனி" என்றாள். "ஒரு மத்தியானத்து வேல. போன மாசமே இதச் செஞ்சிருந்தா எம்பிள்ள இருந்திருப்பான்."

கேப்டன் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து தங்கக்கனிக்கு எதிரே நின்றார்.

"பையனை உடனே இறக்கி அனுப்பச் சொல்கிறார் தலைவர். வானொலியில் அவனுக்கு அமைதி நாயகன் என்று பட்டம் கொடுத்தாயிற்றாம். ஒன்று மட்டும் சொல்கிறேன் அம்மா. இந்த நிறுத்தம் அவன் தரையிறங்கும்வரைக்கும்தான். இறங்கினதும் மறுபடி தொடங்க எனக்கு உத்தரவு வந்திருக்கிறது."

"நீங்க இறக்கப் போறியளா?"

"ஆட்களைக் கூப்பிட்டேன். ஒருத்தனும் நகரவில்லை. எனக்கும் கை வலிக்கிறது."

அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். "தலைவர்ட்ட சொல்லுங்க. நான் யாருட்டயும் குடுக்க மாட்டேன். பெத்தவுக கையிலதான் குடுப்பேன். இங்கன வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க. இந்தாக்குல குடுத்திருதேன்."

கேப்டன் அப்படியே சொன்னார். தலைவருக்கு உடல்நிலை பயணத்துக்கு இடம் கொடுக்கவில்லை, மருத்துவச் சான்றிதழ் தபாலில் வரும் என்று மறுமுனையிலிருந்து நல்லபெருமாள் சொன்னார்.

வெயில் சாய்கிற நேரத்தில் சுடலைமணி வந்தான். ஒரு காது கேட்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஐம்பது கிலோ இருக்க மாட்டான். தங்கக்கனி இடது கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அவன் தலையை, முகத்தை, தோளைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுதாள். சத்தம் போட்டு அழுதாள், மேலே இருந்தவனும் சேர்ந்து அழுதான்.

"எம்மா, வா, போவோம்" என்றான் சுடலைமணி.

"நீ போ ராசா. சாவி எதுத்த வீட்டுல இருக்கு. பானையில அரிசி கெடக்கு."

"நீ வரலியா?"

"நான் வந்தா இவன எறக்கிருவானுவ. இவன் எறங்குனா ஒன்னைய மறுபடி லாரில ஏத்துவானுவ. இவுக அப்பா வரட்டும், குடுத்துட்டு வாரேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். "பகவதி அத்தை பிடிக்கட்டும்மா. நீ வா."

தங்கக்கனி திரும்பிப் பார்த்தாள். பகவதி அண்ணாந்து, மாலை போட்டு மிதக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"என் கையில குடுக்காத மைனி" என்றாள். "நான் விட்டுருவேன்."

தலைவர் வரமாட்டார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தங்கக்கனிக்கும் தெரியும். அவள் மகனுக்கு நெற்றியில் முத்தம் கொடுத்து, இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்டிவிடு என்று சொல்லி அனுப்பினாள். கொஞ்ச தூரம் போனவன் நின்று கையசைத்தான். மறுபடி நடந்து, மறுபடி நின்று அசைத்தான். அவளால் பதிலுக்கு அசைக்க முடியவில்லை. காற்று பலமாக இருந்தது, இரண்டு கையும் கயிற்றில் இருந்தன.